முதலாண்டு எழுத்து வகுப்பின் இலக்குகள்: அமெரிக்கக் கல்லூரிகள் மாணவரிடம் எதை எதிர்பார்க்கின்றன?

கரிசல்காடு:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் கோவில்பட்டிப் பக்கம். பிளஸ் டூ வரை அங்கேதான் படித்தேன். இந்த ஆகஸ்டில் இருந்து ஓஹாயோவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் பொறியியல். இங்கே எந்தத் துறையில் சேர்ந்தாலும் முதலாண்டில் ஆங்கில எழுத்து வகுப்பு கட்டாயம், காம்போசிஷன் என்கிறார்கள். கணக்கு, இயற்பியல் எல்லாம் சமாளித்துவிடுகிறேன். இந்த ஒரு வகுப்புதான் பிடிபட மாட்டேன் என்கிறது.

முதல் கட்டுரையைத் திருத்திக் கொடுத்தார்கள். இலக்கணப் பிழை என்று ஒன்றைக்கூடச் சுழிக்கவில்லை. ஆனால் ஓரம் முழுக்கக் கேள்விகள்: "இதை யாரிடம் சொல்கிறீர்கள்?", "சரி, அதனால் என்ன?", "இந்த ஆதாரம் எதைக் காட்டுகிறது?" கிரேடு சி. பள்ளியில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுவில் இரண்டு பொன்மொழி என்று எழுதித்தான் நல்ல மார்க் வாங்கிக்கொண்டிருந்தேன்.

பாடத்திட்டத்தில் 'கற்றல் இலக்குகள்' என்று ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. திரும்பத் திரும்பப் படித்தும், எப்படி எழுதினால் ஏ கிடைக்கும் என்று அதில் எங்குமே இல்லை. இந்த வகுப்பு உண்மையில் என்னிடம் எதைக் கேட்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

மழைக்காலம்:

தம்பி, நான் இந்த வகுப்பைத்தான் நடத்துகிறேன், வேறொரு மாநிலத்தில். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இதை யாரும் மாணவர்களுக்கு விளக்கிச் சொல்வதில்லை என்பது எனக்கு வெகுநாள் ஆதங்கம்.

உங்கள் கையில் இருக்கும் பக்கம் அநேகமாக ஒரு பொது ஆவணத்தில் இருந்து பிறந்திருக்கும். கல்லூரிகளில் எழுத்து வகுப்புகளை நிர்வகிப்பவர்களுக்கு டபிள்யூ.பி.ஏ. கவுன்சில் என்று ஓர் அமைப்பு உண்டு. முதலாண்டு எழுத்து வகுப்பை முடித்த மாணவருக்கு என்னென்ன கைவந்திருக்க வேண்டும் என்று அவர்கள் 2000இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 2008இல் கொஞ்சம் சேர்த்தார்கள், 2014இல் மறுபடி திருத்தினார்கள். நிறையக் கல்லூரிகள் அதை அப்படியே எடுத்துக்கொள்கின்றன, அல்லது தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்கின்றன.

உங்கள் கேள்விக்கு விடை அந்த அறிக்கையின் முன்னுரையிலேயே இருக்கிறது. எந்த வகையான திறன்கள் வர வேண்டும் என்று மட்டும்தான் அது சொல்லும், எந்த அளவுக்கு வர வேண்டும் என்று வேண்டுமென்றே சொல்லாது. அளவை ஒவ்வொரு கல்லூரியும் தன் மாணவர்களைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அதனால் அந்தப் பக்கத்தில் ஏ வாங்கும் வழியைத் தேடிப் பயனில்லை. ஏ எதற்கு, பி எதற்கு என்பது ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாகத் தரும் மதிப்பீட்டுத் தாளில் இருக்க வேண்டும். தரவில்லை என்றால் ஆசிரியரிடம் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

2014 வடிவத்தில் நான்கு தலைப்புகள். முதலாவது, யாருக்கு, எதற்காக, எந்தச் சூழலில் எழுதுகிறோம் என்று அறிந்து அதற்கேற்ப எழுதுவது. ரெட்டரிக்கல் நாலெட்ஜ் என்பார்கள். இரண்டாவது, மற்றவர்கள் எழுதியதைக் கேள்வி கேட்டு வாசித்து, அதை வைத்துத் தன் சிந்தனையை வளர்ப்பது. மூன்றாவது, எழுதும் முறை: வரைவு, மற்றவர் கருத்து, மறுவரைவு. நான்காவது, மரபுகள். இலக்கணம், எழுத்துக்கூட்டல், மேற்கோள் காட்டும் விதம் எல்லாம் இதில் அடக்கம்.

உங்களுக்கு வந்த மூன்று கேள்விகளையும் இதில் பொருத்திப் பாருங்கள். "யாரிடம் சொல்கிறீர்கள்" முதல் தலைப்பு. "அதனால் என்ன", "எதைக் காட்டுகிறது" இரண்டும் இரண்டாவது தலைப்பு. இதையெல்லாம் திருத்தி எழுதுவதற்கு இடம் கொடுப்பது மூன்றாவது. உங்கள் ஆசிரியர் நான்காவதில் கை வைக்கவில்லை. நானும் முதல் வரைவில் வைக்க மாட்டேன். நாளைக்கு நீங்களே வெட்டி எறியப்போகும் பத்தியில் கமா திருத்தி என்ன ஆகப்போகிறது?

கட்டுரையின் முதல் பத்தியை இங்கே போட முடியுமா? தமிழில் சொன்னாலும் போதும்.

நெல்லை ஆசிரியர்:

மேடம் சொன்னதை மரியாதையோடு வாசித்தேன். பள்ளியில் ஆங்கிலம் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். இலக்கணத்தை நான்காவது இடத்தில் வைத்ததுதான் எனக்கு உறுத்துகிறது. வாக்கியமே சரியாக அமையாத பையனிடம் போய் 'உன் வாசகர் யார்' என்று கேட்டால் அவன் என்ன செய்வான்? அஸ்திவாரம் இல்லாமல் மாடி கட்டச் சொல்வதுபோல்தான் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளில் பலர் வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளராதவர்கள். அவர்களுக்கு விதியைச் சொல்லிக் கொடுப்பதுதான் பெரிய உதவி. விதி தெரிந்தால்தான் பயம் போகும். பயம் போனால்தான் சிந்தனையே வரும்.

மழைக்காலம்:

ஐயா, பயத்தைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் தினமும் வகுப்பில் பார்க்கிறேன். அதில் மறுப்பே இல்லை.

ஆனால் இலக்கணத்தை முதலில் வைத்த வகுப்புகளும் இங்கே நெடுங்காலம் நடந்திருக்கின்றன. ஹார்வர்ட் 1874இல் நுழைவுத் தேர்வில் கட்டுரை எழுதச் சொன்னது. எழுத்துக்கூட்டல், நிறுத்தற்குறி, இலக்கணம், சொல்நடை நான்கும் சரியாக இருக்க வேண்டும் என்பதுதான் கேட்கப்பட்டது. 1885இல் முதலாண்டு மாணவர்களுக்கு 'இங்கிலீஷ் ஏ' என்ற வகுப்பு வந்தது. மற்றக் கல்லூரிகளும் அதே வழியில் போயின. பிறகு பல பத்தாண்டுகளுக்கு, பிழையில்லாமல் எழுதுவதுதான் இந்த வகுப்பின் இலக்கு என்றே ஆனது.

அது பலன் தந்ததா என்று பின்னால் ஆராய்ந்தார்கள். 1963இல் ரிச்சர்ட் பிராடக்கும் இன்னும் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி ஓர் அறிக்கை எழுதினார்கள். இலக்கணத்தைத் தனிப்பாடமாகச் சொல்லிக் கொடுப்பதால் எழுத்து மேம்படுவது மிகக் குறைவு, எழுதிப் பழக வேண்டிய நேரத்தை அது தின்றுவிடுவதால் கெடுதலாகக்கூட முடியலாம் என்பது அவர்கள் கண்டது.

நீங்கள் சொல்லும் பிள்ளைகளைப் பற்றி ஆழமாக யோசித்தவர் மைனா ஷானஸி என்ற எழுத்தாசிரியர். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970இல், பள்ளிப் படிப்பை முடித்த நகரவாசிகள் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டது. அதுவரை கல்லூரி வாசலையே மிதிக்காத குடும்பங்களில் இருந்து மாணவர்கள் வந்தார்கள். அவர்கள் சேர்க்கையின்போது எழுதிய சுமார் 4,000 கட்டுரைகளை அங்கே கற்பித்த அந்த அம்மையார் வரிவரியாக வாசித்தார். 1977இல் அதைப் புத்தகமாக்கினார். அந்தப் பிழைகள் கவனக்குறைவால் வருபவை அல்ல, ஒவ்வொன்றுக்கும் பின்னால் மாணவர் தானே உருவாக்கிக்கொண்ட ஒரு கணக்கு இருக்கிறது என்று காட்டினார். அந்தக் கணக்கைக் கண்டுபிடித்து, அதை மாணவருக்கே காட்டுவதுதான் ஆசிரியர் வேலை என்றார்.

அதனால் இலக்கணம் வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. மாணவர் எழுதிய தாளில் இருந்தே அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும், அதுவும் சொல்ல வந்த விஷயம் நிலைபெற்ற பிறகு. இவ்வளவுதான் என் நிலைப்பாடு.

நெல்லை ஆசிரியர்:

ஷானஸி அம்மையார் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பிழையைச் சுழிப்பதற்கு முன்னால் அது ஏன் வந்தது என்று பார்ப்பது நல்ல ஆசிரியர்கள் எல்லா ஊரிலும் செய்வதுதான். ஆனாலும் ஒன்று. வகுப்பில் 20 பேர் இருந்தால் ஒவ்வொரு தாளாக அப்படிப் பார்க்கலாம். 50 பேர் இருந்தால் விதியைக் கரும்பலகையில் எழுதிப் போடத்தான் முடியும். இலக்கு மேலே எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் வகுப்பின் அளவுதான் கடைசியில் முடிவு செய்கிறது.

பூவரசு:

ஐயா, நான் சொல்ல வந்ததும் இதேதான்.

தமிழ்நாட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாண்டுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். எங்களுக்கும் இலக்குகள் உண்டு. பொறியியல் படிப்புகளுக்கான என்.பி.ஏ. அங்கீகாரம் வேண்டும் என்றால் ஒவ்வொரு பாடத்துக்கும் சி.ஓ. (அந்தப் பாடத்தின் இலக்குகள்) எழுத வேண்டும், அதைப் பி.ஓ. (முழுப் பட்டப்படிப்பின் இலக்குகள்) பட்டியலோடு இணைத்து 1, 2, 3 என்று கட்டம் நிரப்ப வேண்டும், 3தான் உச்சம். 2014இல் இந்தியா, பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் நிரந்தர உறுப்பினர் ஆன பிறகு இதை யாரும் தட்டிக்கழிக்க முடியாது. வினாத்தாளில் ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் கே1, கே2 என்று சிந்தனை நிலை குறிக்கிறோம். கல்வியாளர் புளூம் 1956இல் வகுத்து, 2001இல் மற்றவர்கள் திருத்திய அதே படிநிலைதான்.

என் பாடத்துக்கு எழுதிய சி.ஓ.வில் ஒன்று, 'மாணவர் சூழலுக்கேற்ற கடிதங்களையும் அறிக்கைகளையும் எழுதுவார்'. நல்ல இலக்கு. ஆனால் வகுப்பில் 60 பேர். செமஸ்டர் தேர்வில் வேலைக்கு விண்ணப்பக் கடிதம் கட்டாயம் வரும். மாணவர்கள் ஒரே மாதிரிக் கடிதத்தை மனப்பாடம் செய்து வந்து, பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றி எழுதுகிறார்கள். முழு மதிப்பெண் போட வேண்டியதுதான். கட்டத்தில் 3 என்று நிரப்புகிறோம். சூழலுக்கேற்ப எழுதினாரா என்றால், அவருக்குச் சூழலே கொடுக்கப்படவில்லை.

மழைக்காலம் மேடம், உங்கள் ஊரில் ஒரு வகுப்புக்கு எத்தனை பேர்? இலக்கை எட்டினார்களா என்று எப்படி அளக்கிறீர்கள்?

மழைக்காலம்:

பூவரசு, நீங்கள் சொன்ன கடைசி வரியை எங்கள் துறைக் கூட்டத்தில் வாசித்துக் காட்ட வேண்டும்போல் இருக்கிறது.

எண்ணிக்கை பற்றி: கல்லூரி எழுத்தாசிரியர்களின் பெரிய அமைப்பு சி.சி.சி.சி., 1949இல் தொடங்கியது. எழுத்து வகுப்பில் 20 பேருக்கு மேல் கூடாது, 15 இருந்தால் நல்லது, ஒரு பருவத்தில் ஓர் ஆசிரியரிடம் 60 எழுத்து மாணவர்களுக்கு மேல் போகக் கூடாது என்பது அவர்கள் பரிந்துரை. அதாவது உங்கள் ஒரு வகுப்பு இங்கே ஓர் ஆசிரியரின் பருவம் முழுவதற்குமான உச்சவரம்பு. இங்கேயும் எல்லாக் கல்லூரிகளும் இதைக் கடைப்பிடிப்பதில்லை. சமுதாயக் கல்லூரிகள் எனப்படும் இரண்டாண்டுக் கல்லூரிகளில் ஐந்து வகுப்பு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பகுதிநேர ஆசிரியர்கள் இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு ஓடி ஓடி எடுக்கிறார்கள். அவர்கள் பாடத்திட்டத்திலும் இதே நான்கு தலைப்புகள் அச்சாகியிருக்கும்.

அளப்பது பற்றி: எனக்குத் தெரிந்து நியாயமான வழி, தொகுப்பேடு. பருவம் முழுக்க எழுதியவற்றில் இருந்து மாணவரே சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, வரைவுகளோடு சேர்த்துக் கொடுப்பார். எதை ஏன் மாற்றினேன் என்று முன்னால் ஒரு கடிதமும் எழுதுவார். 1980களில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் பேட் பெலனாஃபும் பீட்டர் எல்போவும் ஒருமுறை உட்கார்ந்து எழுதும் தகுதித் தேர்வை எடுத்துவிட்டு இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். மாணவரின் சொந்த ஆசிரியர் அல்லாத இன்னொருவரும் அந்தத் தொகுப்பை வாசிப்பார். பிறகு நாடெங்கும் பரவியது.

60 பேருக்கு இதை முழுதாகச் செய்ய முடியாது, தெரியும். ஆனால் ஒரே ஒரு கடிதத்தை மட்டும் இரண்டு வரைவாக எழுதச் சொல்ல முடியுமா? முதல் வரைவு ஒரு கம்பெனிக்கு, இரண்டாவது அதே ஆள் தன் பழைய ஆசிரியரிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டு. இரண்டுக்கும் என்ன மாறியது என்று ஐந்து வரி. மனப்பாடம் அங்கே கைகொடுக்காது.

கரிசல்காடு:

அக்கா, கேட்டபடி என் முதல் பத்தி. தலைப்பு 'வளாகத்தில் போக்குவரத்து'. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"மனித நாகரிகத்தின் வளர்ச்சியில் போக்குவரத்து மிக முக்கியப் பங்கு வகிக்கிறது. சக்கரம் கண்டுபிடிக்கப்பட்ட நாள் முதல் மனிதன் ஓரிடத்தில் இருந்து இன்னோரிடம் செல்லப் பல வழிகளைக் கையாண்டு வருகிறான். இன்றைய நவீன உலகில் போக்குவரத்து இல்லாத வாழ்க்கையை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. பல்கலைக்கழகங்களிலும் அது இன்றியமையாதது."

இதற்குத்தான் "யாரிடம் சொல்கிறீர்கள்" என்று எழுதியிருந்தார்கள்.

மழைக்காலம்:

இதில் இலக்கணம் சுத்தம். தவறான தகவலும் இல்லை. ஆனால் இதை மறுக்கக்கூடிய ஆள் உலகத்தில் யாராவது இருக்கிறார்களா? யாருமே மறுக்க முடியாததைச் சொன்னால் வாசிப்பவருக்கு மேலே படிக்கக் காரணம் கிடைக்காது. பள்ளித் தேர்வில் வாசகர் திருத்துபவர் ஒருவர்தான், அவருக்குத் தேவை உங்களுக்கு எழுத வருகிறது என்ற சான்று. இங்கே வாசகர் என்றால் உங்கள் வார்த்தையைக் கேட்டு எதையாவது செய்யக்கூடியவர்.

இந்தத் தலைப்பை ஏன் எடுத்தீர்கள்? அதை மட்டும் சொல்லுங்கள்.

கரிசல்காடு:

ஞாயிற்றுக்கிழமை வளாகப் பேருந்து சாயங்காலம் 6 மணிக்கே நின்றுவிடும். மளிகைக் கடை 2 மைல். எங்களிடம் கார் கிடையாது. பனிக்காலத்தில் இருட்டில் பையைத் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலை ஓரமாக நடந்து வர வேண்டும் என்று சீனியர்கள் சொன்னார்கள். நடைபாதையும் பாதி தூரம்தான்.

மழைக்காலம்:

கட்டுரை இதுதான் தம்பி! நாகரிகம், சக்கரம் இரண்டையும் விட்டுவிட்டு இங்கே இருந்து ஆரம்பியுங்கள். அப்புறம் இதைக் கேட்டு முடிவெடுக்கக்கூடியவர் யார் என்று கண்டுபிடியுங்கள். போக்குவரத்து அலுவலகமா, மாணவர் பேரவையா, நகராட்சியா? மூன்று பேருக்கும் மூன்று விதமாக எழுத வேண்டியிருக்கும். அலுவலகத்துக்கு எழுதினால் செலவுக் கணக்கு வேண்டும். பேரவைக்கு எழுதினால் எத்தனை மாணவர்களுக்கு இந்தக் கஷ்டம் என்று காட்ட வேண்டும். நடைபாதை நகராட்சி விஷயம்.

ஹூஸ்டன் அப்பா:

இழையை ஆரம்பத்தில் இருந்து படித்துவிட்டேன். எனக்கொரு நடைமுறைச் சந்தேகம். டெக்சாஸில் அரசுக் கல்லூரிகளின் பொதுப்பாடம் 42 கிரெடிட், அதில் 6 கிரெடிட் கம்யூனிகேஷன். பெரும்பாலும் 1301, 1302 என்ற இரண்டு எழுத்து வகுப்புகள். என் மகள் பள்ளியில் ஏ.பி. லாங்வேஜ் (பள்ளியிலேயே எழுதும் கல்லூரித்தர ஆங்கிலத் தேர்வு) எழுதி 5க்கு 4 வாங்கியிருக்கிறாள். 3 அல்லது அதற்கு மேல் இருந்தாலே பல கல்லூரிகளில் கிரெடிட் கொடுத்துவிடுகிறார்கள். வகுப்பைத் தாண்டிப் போய்விடலாம், பணமும் மிச்சம். ஆனால் நீங்கள் சொல்லும் இலக்குகளை எல்லாம் அந்தத் தேர்வு எட்டிவிட்டதாகக் கொள்ளலாமா?

இன்னொன்று, சாட்ஜிபிடி. அது வந்த 2022 நவம்பருக்குப் பிறகு இந்த வகுப்பே தேவையா என்று என் ஆபீஸில் பேசிக்கொள்கிறார்கள்.

மழைக்காலம்:

ஏ.பி. பற்றி முதலில். அந்தத் தேர்வில் மூன்று கட்டுரைகள்: கொடுத்த ஆதாரங்களை இணைத்து எழுதுவது, ஒருவர் எழுத்தை அலசுவது, சொந்த வாதம். முதல் இரண்டு தலைப்புகளுக்கு நல்ல பயிற்சி. 4 வாங்கியிருந்தால் மகள் நன்றாக வாசிக்கிறாள் என்று அர்த்தம். ஆனால் மூன்று கட்டுரையையும் வாசிக்கும் நேரம் உட்பட 2 மணி 15 நிமிடத்தில் முடிக்க வேண்டும். மறுவரைவுக்கு அங்கே இடமே கிடையாது. தேடி, தவறான வழியில் போய், திரும்பி வந்து எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரைக்கும் இடம் கிடையாது. 1301ஐத் தாண்டிப் போகட்டும். 1302 ஆராய்ச்சி எழுத்து வகுப்பாக இருந்தால் அதைக் கல்லூரியிலேயே எடுக்கச் சொல்வேன்.

மறுவரைவை நான் ஏன் இவ்வளவு பிடித்துக்கொள்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். 1971இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஜேனட் எமிக் சிகாகோ பகுதியில் 12ஆம் வகுப்பு மாணவர் 8 பேரை, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொன்னபடியே எழுதவைத்துக் கவனித்தார். எழுதி முடித்த தாளை விட்டுவிட்டு, எழுதும்போது என்ன நடக்கிறது என்று பார்க்கும் வழக்கம் அதன் பிறகுதான் வலுப்பட்டது. 1980இல் வெளியான இன்னோர் ஆய்வில் நான்சி சோமர்ஸ் முதலாண்டு மாணவர் 20 பேரையும், அனுபவமுள்ள எழுத்தாளர் 20 பேரையும் ஒப்பிட்டார். ஒவ்வொருவரும் மூன்று கட்டுரை எழுதி, ஒவ்வொன்றையும் இரண்டு முறை மாற்றி எழுத வேண்டும். மாணவர்கள் திருத்தம் என்றால் சொல்லை மாற்றுவது, வந்த சொல் திரும்ப வராமல் பார்ப்பது என்றே எடுத்துக்கொண்டார்கள். அனுபவசாலிகள் தங்கள் வாதத்தின் வடிவத்தையே தேடினார்கள். அதற்காகப் பத்திகளை இடம் மாற்றினார்கள், வெட்டினார்கள், சேர்த்தார்கள்.

என் வகுப்பில் செப்டம்பரில் வரும் மறுவரைவுகள் சோமர்ஸ் சொன்னபடியே இருக்கும். 'குட்' என்பது 'பெனிஃபிஷியல்' ஆகியிருக்கும், வேறொன்றும் மாறியிருக்காது. டிசம்பரில், முதல் வரைவின் கடைசிப் பத்தியைத் தூக்கி முதல் பத்தியாக வைத்துக்கொண்டு மீதியைப் புதிதாக எழுதிவரும் மாணவர்கள் இருப்பார்கள். நான்கு தலைப்பில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் மூன்றாவதைத்தான் காப்பாற்றுவேன். வாசகரைப் புரிந்துகொள்வதும் வாதத்தைச் சரிசெய்வதும் அந்த மறுவரைவில்தான் நடக்கின்றன.

சாட்ஜிபிடிக்கும் என் பதில் அங்கேயே இருக்கிறது. முடிந்த தாளை மட்டும் கேட்கும் வகுப்புக்கு அது பெரிய அடி. வரைவுகள், குறிப்புகள், ஏன் மாற்றினேன் என்ற விளக்கம் எல்லாவற்றையும் கேட்கும் வகுப்பில் யார் யோசித்தார்கள் என்று தெரிந்துவிடும். மொழி, இலக்கியப் பேராசிரியர்களின் அமைப்பான எம்.எல்.ஏ.வும் சி.சி.சி.சி.யும் சேர்ந்து இதற்கென ஒரு குழு அமைத்து 2023 ஜூலையில் முதல் ஆவணத்தை வெளியிட்டார்கள். இயந்திரம் எழுதியதா என்று கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பித் தண்டிப்பதில் அவர்களுக்கும் தயக்கம்தான். அதே மாதம், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ தன் சொந்தக் கண்டறியும் கருவியையே, துல்லியம் போதவில்லை என்று நிறுத்திவிட்டது. ஸ்டான்ஃபோர்டில் அதே ஆண்டு நடந்த ஆய்வில், வெளிநாட்டு மாணவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தகுதித் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டறியும் கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். மனிதர் எழுதிய அந்தக் கட்டுரைகளில் பாதிக்கும் மேல், சராசரியாக, இயந்திரம் எழுதியது என்று வந்தது. கரிசல்காடு போன்றவர்கள் மேல் அநியாயமாகப் பழி விழும் இடம் இது. அதனால் தம்பி, ஒவ்வொரு வரைவையும் தேதியோடு சேமித்து வையுங்கள்.

வடமராட்சி:

நான் யாழ்ப்பாணத்தில் படித்து இப்போது ரொறொன்ரோவில் இருக்கிறேன். இந்தத் துறையில் எங்கட ஊர் ஆள் ஒருவர் முன்னணியில் நிற்கிறார் என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் சரியில்லை. சுரேஷ் கனகராஜா. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் போர்க்காலத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர், பிறகு அமெரிக்கா போய்ப் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். யாழ்ப்பாணத்தில் நல்ல தாளும் மின்சாரமும் இல்லாமல், மேல்நாட்டுச் சஞ்சிகைகள் கேட்ட வடிவத்தில் கட்டுரை அனுப்ப ஆய்வாளர்கள் பட்ட பாட்டை 2002இல் ஒரு நூலில் எழுதினார். அறிவு இருந்தும் மரபு தெரியாததால், அல்லது மரபைப் பின்பற்ற வசதியில்லாததால், வெளியே நிற்க வேண்டி வந்தது.

2006இல் அவர் சி.சி.சி.சி.யின் சஞ்சிகையில் எழுதிய கட்டுரை, உலகின் பல ஆங்கிலங்களுக்கும் இந்த வகுப்புக்குள் இடம் வேண்டும் என்று கேட்டது. 1974இலேயே அந்த அமைப்பு, மாணவருக்குத் தன் சொந்த மொழிவழக்கில் உரிமை உண்டு என்று தீர்மானம் போட்டது. ஆனால் கனகராஜா அதோடு நிற்கவில்லை. வீட்டு வழக்கு வீட்டிலேயே இருக்கட்டும் என்று பிரிக்காமல், கல்விசார் எழுத்துக்குள்ளேயே தெரிந்துகொண்டு கலக்கலாம் என்றார். அதற்கு முதலில் மரபு நன்றாகத் தெரிய வேண்டும் என்பதும் அவர் நிலைப்பாடுதான். நெல்லை ஐயாவின் கவலைக்கு இதில் மறுமொழி இருக்கிறது என்று நினைக்கிறேன்.

நெல்லை ஆசிரியர்:

வடமராட்சி அவர்களே, இந்தத் தகவலுக்கு மிக்க நன்றி. தாள் இல்லாத ஊரில் இருந்து போய் அங்கே பாடத்தின் இலக்கையே விரிக்கச் சொன்னவர் என்பது பெருமைக்குரியது. மரபு முதலில் தெரிய வேண்டும் என்பதை அவரும் சொல்கிறார் என்றால் எனக்குத் திருப்தி. ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஓர் ஆசிரியர் கலப்பை ரசிப்பார், அடுத்த வருடம் ஆய்வக அறிக்கை திருத்தும் பொறியியல் பேராசிரியர் அதைப் பிழை என்று சுழிப்பார். மாணவர் யாரை நம்புவது?

மழைக்காலம்:

இரண்டு பேரையும் வாசகர்களாகப் பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் வழி, ஐயா. 2014 அறிக்கையில் மரபுகள் என்ற தலைப்பின் கீழேயே, மரபுகள் துறைக்குத் துறை ஏன் மாறுகின்றன என்று மாணவர் புரிந்துகொள்ள வேண்டும் என்று இருக்கிறது. நான் ஒரு வகுப்பு இதற்கே ஒதுக்குகிறேன். ஓர் இயந்திரவியல் ஆய்வறிக்கை, ஒரு வரலாற்றுக் கட்டுரை, ஒரு செவிலியரின் நோயாளிக் குறிப்பு, மூன்றையும் மேசையில் வைத்து, எங்கே 'நான்' வருகிறது, எங்கே வரவே இல்லை, மேற்கோள் எங்கே நிற்கிறது என்று எண்ணச் சொல்வேன். செவிலியர் குறிப்பில் முழு வாக்கியமே அரிதாக இருக்கும். அதை யாரும் பிழை என்று சொல்வதில்லை, அவசரத்தில் வாசிப்பவருக்கு அதுதான் வசதி. ஆனாலும் நீங்கள் சொல்லும் ஆபத்து நிஜம். மற்றத் துறை ஆசிரியர்கள் எங்களோடு பேசாத கல்லூரிகளில் மாணவர்தான் நடுவில் மாட்டிக்கொள்கிறார்.

பூவரசு:

இரண்டு கடித யோசனையை எடுத்துக்கொள்கிறேன் மேடம். செமஸ்டர் தேர்வை மாற்ற என்னால் முடியாது, உள்மதிப்பீடு என் கையில்தான் இருக்கிறது. 60 பேரையும் ஐந்து குழுவாகப் பிரித்து, வாரம் ஒரு குழுவின் தாள்களை மட்டும் முழுதாக வாசித்தால் சமாளிக்கலாம் என்று தோன்றுகிறது. மற்றவர்கள் அந்த வாரம் ஒருவர் தாளை ஒருவர் வாசிக்கட்டும்.

கரிசல்காடு:

அந்த 'ஒருவர் தாளை ஒருவர் வாசிப்பது' எங்களுக்கும் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் கட்டுரையில் குறை சொல்ல எனக்கு வாயே வரவில்லை. ஆங்கிலம் அவளுக்குத் தாய்மொழி, நான் என்ன சொல்வது?

மழைக்காலம்:

குறை சொல்ல வேண்டாம். எந்த இடத்தில் உங்களுக்குக் குழம்பியது, எந்த இடத்தில் 'இன்னும் சொல்லேன்' என்று தோன்றியது என்று மட்டும் எழுதுங்கள். தாய்மொழியில் எழுதுபவருக்குத் தன் எழுத்து எங்கே புரியவில்லை என்று தெரியவே தெரியாது. அதைச் சொல்ல உங்களைவிடத் தகுதியான வாசகர் கிடையாது. பல்கலைக்கழகத்தில் எழுத்து மையம் என்று இலவசமாக ஒன்று இருக்கும், அதையும் விடாதீர்கள். பிழை திருத்திக் கொடுக்கச் சொல்லிப் போனால் ஏமாற்றமாக இருக்கும். "என் வாதம் இந்த வாசகருக்குப் போதுமா" என்று கேட்டுப் போங்கள், அவர்கள் கேள்வி கேட்டே உங்களிடமிருந்து பதிலை வரவழைப்பார்கள்.

கரிசல்காடு:

மறுவரைவு எழுதிவிட்டேன். போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதுவதாக முடிவு செய்தேன், நேரத்தை மாற்றும் அதிகாரம் அவர்களிடம்தான் இருக்கிறது. முதல் பத்தி:

"ஞாயிற்றுக்கிழமை மாலை 6 மணிக்குப் பிறகு வளாகத்தில் பேருந்து இல்லை. மிக அருகில் உள்ள மளிகைக் கடை 2 மைல் தொலைவில் இருக்கிறது, நடைபாதை பாதி வழியில் முடிந்துவிடுகிறது. கார் இல்லாத மாணவர்கள் மீதித் தூரத்தைச் சாலையோரமாக நடக்கிறார்கள். ஞாயிறு சேவையை 9 மணி வரை நீட்டிக்க வேண்டும்; முழு வழித்தடத்துக்கும் வசதி இல்லையென்றால், கடைக்கும் விடுதிகளுக்கும் இடையிலாவது ஒரு பேருந்து ஓட வேண்டும்."

அடுத்த பத்திக்கு, ஞாயிறு 5 மணிப் பேருந்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணலாம் என்று இருக்கிறேன். அலுவலகத்திடமே அந்தக் கணக்கு இருக்குமா?

மழைக்காலம்:

பெரும்பாலும் இருக்கும், கேட்டுப் பாருங்கள். ஆனால் அவர்கள் கணக்கில் பேருந்தில் ஏறியவர்கள்தான் இருப்பார்கள், 6 மணிக்கு மேல் நடந்து போனவர்கள் இருக்க மாட்டார்கள். உங்கள் வாதத்துக்குத் தேவை அந்த இரண்டாவது எண். விடுதியில் ஒரு தாள் ஒட்டிக் கேளுங்கள், எத்தனை பேரிடம் கேட்டீர்கள் என்பதையும் கட்டுரையில் சொல்லுங்கள். "ஆள் இல்லாததால்தானே நிறுத்தினோம்" என்று அலுவலகம் சொல்லும். அதற்கான பதிலை இரண்டாம் பத்திக்குத் தள்ளாதீர்கள், முதலிலேயே வையுங்கள்.

நெல்லை ஆசிரியர்:

தம்பி, ஆங்கில மூலத்தையும் இங்கே போடுங்கள். உங்கள் பழைய பதிவுகளில் ஆங்கிலம் இல்லாததால் என்னால் பார்க்க முடியவில்லை. தமிழில் ஆர்ட்டிகிள் கிடையாது என்பதால் நம் பிள்ளைகளுக்கு 'தி' எங்கே வரும், எங்கே வராது என்பதில்தான் தடுமாற்றம் அதிகம். விதிப் பட்டியல் தர மாட்டேன். உங்கள் பத்தியிலேயே குறித்துக் காட்டுகிறேன், நீங்கள் எந்தக் கணக்கில் போட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

கரிசல்காடு:

சரி ஐயா. இன்று இரவு போடுகிறேன். அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். விடுதி வாசலில் ஒட்டத் தாளும் எழுதியாகிவிட்டது. கேள்வி இரண்டுதான்: ஞாயிறு 6 மணிக்கு மேல் வெளியே போக வேண்டி வருகிறதா, வந்தால் எப்படிப் போகிறீர்கள்.